தூய்மை எதற்காக?

ஆன்மிகச் சொற்பொழிவுகளிலும் நூல்களிலும் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று 'தூய்மை'. உடல் தூய்மை, வாக்கின் தூய்மை, உணவின் தூய்மை, எல்லாவற்றிற்கும் மேலாக உள்ளத் தூய்மை என்று அதை நாம் பலவாறு போற்றுகிறோம். அது போற்றுதற்குரியதே. ஆயினும், கைமாறிக் கைமாறி நாணயத்தின் முத்திரை தேய்வதுபோல், நாள்தோறும் வழங்கும் சொல்லின் பொருளும் தேய்ந்துவிடுவதுண்டு. தூய்மை நல்லது என்று சொல்லும் நாம், அது எதற்காக நல்லது என்று கேட்பதில்லை. அதுவே முடிவான பேறா? வேறொரு பேற்றிற்குரிய சாதனமா? இவ்வினாவிற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே நமது சாதனை வாழ்வு மலர்வதும் வறண்டுபோவதும் அமைகின்றன.

பெங்களூருவின் ஈஜிபுராவில் தமிழ் அன்பர்கள் கூடும் கீதை வகுப்பு ஒன்றில் இவ்வினா எதிர்பாராத வடிவில் எழுந்தது. தர்மபுரிப் பக்கத்து உழவர் குடும்பத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் அந்நகரில் குடியேறிய பெரியவர் ஒருவர், "சுவாமிஜி, குணிகல் பண்ணையில் மக்காச்சோளத்திற்குத் தகப்பன் பங்கே இல்லாமல் பிள்ளை உண்டாக்குகிறார்களாம். இது தர்மத்திற்கு அடுக்குமா?" என்று கேட்டார். அருகிலிருந்த இளைஞர் உடனே, "தாத்தா, கலப்பில்லாத தூய வித்து கிடைக்கிறதே. தூய்மை நல்லதுதானே?" என்றார். ஒருவருக்கு அச்செயலே ஐயமாக இருந்தது. மற்றவருக்கோ தூய்மை என்ற ஒரு சொல்லே போதிய நியாயமாக இருந்தது. இரண்டையும் பொறுமையாக ஆராய்வது நமது கடமை. அதற்கு முதலில் அப்பண்ணையில் நடப்பது என்ன என்று அறிந்துகொள்வோம்.

மறைவும் வெளிப்பாடும்

ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. ஒரு தொகுதி தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. மக்காச்சோளத்தில் தொகுதிக்குப் பத்தாக மொத்தம் 20 குரோமோசோம்கள். ஒவ்வொரு பண்பிற்கும் இவ்வாறு இரண்டு பிரதிகள் இருப்பதால், ஒன்று வலிமையாக இருந்தால் மற்றொன்று அதன் நிழலில் மறைந்துகொள்கிறது. மறைந்தது அழிந்துவிடவில்லை, அடுத்த தலைமுறையிலோ அதற்கடுத்ததிலோ அது தலைகாட்டும். முதலாவதை ஓங்கு பண்பு என்றும், இரண்டாவதை ஒடுங்கு பண்பு என்றும் பாடநூல்கள் கூறும்.

பயிர் மேம்பாட்டாளருக்கு இம்மறைவுதான் பெரிய இடையூறு. செடியைப் பார்த்து அதன் உள்ளியல்பை அவரால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. எனவே அவர் ஒரே செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிரில் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தச் சேர்க்கை செய்கிறார். ஒவ்வொரு முறையும் இரு பிரதிகளுக்கிடையேயுள்ள வேற்றுமை பாதியாகக் குறைகிறது. பாதி, கால், அரைக்கால் என்று சென்று, ஆறாவது தலைமுறையில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிறது. இவ்வாறு ஆறு முதல் எட்டுத் தலைமுறைகள் உழைத்தால்தான், இரு பிரதிகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்ட 'தூய வரிசை' கிடைக்கும்.

இந்நெடும்பயணத்தைச் சுருக்க ஒரு வழி உண்டு. ஒரே ஒரு தொகுதி மட்டும் கொண்ட செடி கிடைத்தால், அதில் ஒன்றை மற்றொன்று மறைக்க வழியே இல்லை. உள்ளது அனைத்தும் வெளிப்பட்டே தீரும். அத்தகைய செடியை 'ஹாப்ளாய்டு' என்பர்; தமிழில் ஒற்றைமடியச் செடி எனலாம். அத்தொகுதியை அப்படியே இரட்டிப்பாக்கிவிட்டால் இரு பிரதிகளும் முற்றிலும் ஒன்றாகிய தூய வரிசை ஒரே பாய்ச்சலில் கிடைத்துவிடும். பல ஆண்டு வேலை இரண்டு மூன்று பருவங்களில் முடிகிறது.

ஊமத்தை முதல் மக்காச்சோளம் வரை

இவ்வரலாறு ஊமத்தையில் தொடங்குகிறது என்பது சிவனடியார்களுக்கு மகிழ்ச்சி தரும். 1922-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் அவர்தம் துணைவர்களும் ஊமத்தைச் செடிகளிடையே, இயற்கையாகவே ஒரு தொகுதி மட்டும் கொண்டு தோன்றிய செடியைக் கண்டு அறிவித்தனர். பின்னர் 1964-ல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, சதீஷ் சந்திர மகேஸ்வரி என்ற இரு தாவரவியலார், ஊமத்தையின் மற்றோர் இனத்தில் மகரந்தப்பைகளைச் சோதனைக் குழாயில் வளர்த்து வந்தனர். மகரந்தம் உருவாகையில் நிகழும் குன்றல் பிரிவை ஆராய்வதே அவர்கள் நோக்கம். ஆனால் மகரந்தத்திலிருந்து நேரடியாகக் கருக்கள் முளைத்தெழுந்தன. தந்தையின் தொகுதி ஒன்றை மட்டும் கொண்ட செடிகளை வேண்டும்போது உண்டாக்கும் வழி இந்திய மண்ணில் இவ்வாறு திறந்தது. அவ்வழியைப் பின்பற்றி உலகெங்கும் நெல், கோதுமை, பார்லி முதலிய பயிர்களில் புதிய ரகங்கள் தோன்றின.

மக்காச்சோளத்தில் வேறொரு வழி கிட்டியது. 1959-ல் எட்வர்ட் கோ என்ற அமெரிக்க விஞ்ஞானி, 'ஸ்டாக் 6' எனப்படும் ஒரு வரிசையின் மகரந்தத்தைப் பிற செடிகளில் இட்டால், நூற்றுக்கு இரண்டு மூன்று மணிகளில் தாயின் தொகுதி மட்டுமே கொண்ட கரு உண்டாவதைக் கண்டார். காரணம் விளங்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. 2017-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடையை அடைந்தன. மகரந்தத்தில் இயங்கும் ஒரு ஜீனில் நான்கே நான்கு எழுத்துகள் கூடுதலாக நுழைந்துவிட்ட திடீர்மாற்றமே அது. ஒரு பெரிய நூலில் நான்கு எழுத்துப் பிழை. அதன் விளைவோ, தந்தையின் பங்கு கருவில் நிலைக்காமல் போவது.

இவ்வழி இன்று நம் அண்டையிலேயே கையாளப்படுகிறது. துமகூரு மாவட்டத்தின் குணிகல்லில், பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும், சிம்மிட் எனப்படும் சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையமும் இணைந்து 2021 டிசம்பரில் இதற்கென ஒரு நிலையத்தைத் தொடங்கின. 12 ஏக்கர் பரப்பில் அமைந்த அந்நிலையம், ஆண்டுக்குக் குறைந்தது 30,000 தூய வரிசைகளை உண்டாக்கும் திட்டத்துடன் தொடங்கப்பட்டது.

இம்முறையில் ஒற்றைமடியக் கருவைக் கண்டறியும் வழி எளியது, அழகானது. தந்தை வரிசையில் ஊதா நிறம் தரும் ஒரு பண்பைச் சேர்த்துள்ளனர். இயல்பான கருவூட்டலில் பிறந்த மணியில், மேற்பகுதியிலுள்ள கருவூணும் ஊதாவாகும். உள்ளிருக்கும் கருவும் ஊதாவாகும். மேற்பகுதி மட்டும் ஊதாவாகிக் கரு வெண்மையாக இருந்தால், அது தாயின் தொகுதி மட்டுமே உடைய கரு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தந்தை அறவே இல்லாமற் போகவில்லை. முளைக்கும் குழந்தைக்கு உணவாகும் கருவூணில் அவர் பங்கு இருக்கிறது, குழந்தையினுள்தான் இல்லை. ஊட்டிவிட்டு, வாரிசாகத் தன்னை நிறுத்திக்கொள்ளாமல் விலகும் தந்தை அவர். பெரியவரின் கேள்விக்குரிய முழுச் செய்தி இது.

பிரித்தெடுத்த மணிகள் முளைத்த பின், இளநாற்றுகளைக் கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளின் கரைசலில் நனைக்கின்றனர். உயிரணு பிரிகையில் குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்லும் இழைகளை அது உருவாகவிடுவதில்லை. எனவே இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே அணுவில் தங்கிவிடுகின்றன. நமது செங்காந்தளில், அதாவது தமிழகத்தில் மருந்துக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கில், இருப்பதும் இதே நஞ்சுதான். இவ்வாறு குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் அதன் ஆற்றலை 1937-ல் வெளியிட்டவர்களுள் முதன்மையானவர் ஊமத்தையை ஆராய்ந்த அதே பிளேக்ஸ்லீ.

பிழை எங்கே இருக்கிறது?

இத்துறையின் மற்றொரு கண்டுபிடிப்பு தத்துவ மாணவர்களின் சிந்தனைக்கு உகந்தது. 2010-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மருதாசலம் ரவி, சைமன் சான் ஆகிய இருவர் அதை வெளியிட்டனர். ரவி அதற்கு முன் ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஆய்வு செய்தவர். பின்னாளில் திருவனந்தபுரத்து அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியேற்றவர். சைமன் சான் 2012-ல் தமது 38-ஆம் வயதிலேயே காலமானார்.

குரோமோசோம் ஒவ்வொன்றிலும் இடைப்பகுதியில் ஒரு பிடிப்பிடம் உண்டு. சென்ட்ரோமியர் என்பது அதன் பெயர். உயிரணு பிரிகையில் இழைகள் வந்து பற்றும் இடம் அது. அங்குள்ள ஒரு புரதத்திற்குரிய ஜீனில், கடுகினத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், அவர்கள் ஒரு மாற்றம் செய்தனர். மாற்றம் பெற்ற செடி தன்னோடு தானே சேர்ந்தபோது குரோமோசோம் இழப்பு ஏதும் நேரவில்லை. எல்லாப் பிடிப்பிடங்களும் ஒரே அளவு தளர்வாக இருந்ததால் அனைத்தும் ஒன்றாகவே நகர்ந்தன. ஆனால் மாறாத செடியோடு அதைச் சேர்த்தபோது, கருவின் தொடக்கப் பிரிவுகளிலேயே தளர்ந்த பிடிப்புடைய குரோமோசோம்கள் பின்தங்கித் தொலைந்தன. எஞ்சியது மாறாத பெற்றோரின் தொகுதி மட்டுமே. தாயின் பங்கையோ தந்தையின் பங்கையோ, வேண்டியதை வைத்துக்கொள்ளும் வழி இவ்வாறு பிறந்தது.

இங்கே நாம் வினவ வேண்டியது, அந்தக் குறை எங்கே இருந்தது என்பதே. செடிக்குள் இருந்தது என்றால், தனித்து இருக்கையில் அது ஏன் தொகுதியை இழக்கவில்லை? மற்றதற்குள் இருந்தது என்றால், மற்றதிலோ எந்த மாற்றமும் இல்லை. இரண்டின் உறவில்தான் அது வெளிப்பட்டது. குறை, நிறை என்று நாம் ஒரு பொருளின்மேல் முத்திரையிடும்போது, உண்மையில் அப்பொருளுக்கும் அது நிற்கும் சூழலுக்கும், அதை மதிப்பிடும் நமது நோக்கத்திற்கும் இடையேயுள்ள உறவைத்தான் சொல்கிறோம். பரம்பரையைத் தொடர நினைக்கும் செடிக்கு இழப்பாவது, புதிய ரகம் தேடுபவருக்குக் கருவியாகிறது. ஊமத்தையும் செங்காந்தளும் நஞ்சுதான்; அவையே மருந்தும் ஆகின்றன. குணத்தையும் தோஷத்தையும் பொருளின் சாரத்தில் ஏற்றிப் பேசுவது அத்தியாசத்தின் ஒரு வகை என்று வேதாந்த மாணவன் இதிலிருந்து உணரலாம்.

இது தர்மத்திற்கு அடுக்குமா?

'இயற்கையிலேயே ஒற்றைமடியச் செடிகள் தோன்றுகின்றன. மனிதன் அதை விரைவுபடுத்துகிறான், அவ்வளவே' என்று சிலர் விடை கூறுவர். இவ்விடை போதாது. இயற்கையில் நிகழ்வதாலேயே ஒன்று அறமாகிவிடாது. இயற்கையில் நிகழாததாலேயே ஒன்று அதர்மமாகிவிடாது. வெள்ளமும் கொள்ளைநோயும் இயற்கையே. எழுத்தும் மருத்துவமும் மனிதன் செய்தவை. 'இருக்கிறது' என்பதிலிருந்து 'தகும்' என்பதை நேராக வருவிக்க முடியாது என்பது தத்துவத்தின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

செடிக்கு இழைக்கும் தீங்கு என்ற கோணமும் உண்டு. தாவரங்கள் புறத்தூண்டலுக்கு மறுவினை காட்டுவதை ஜகதீச சந்திர போஸ் கருவிகளால் காட்டினார். அவரது நூற்பணியில் சகோதரி நிவேதிதை துணை நின்றதை நம் வாசகர்கள் அறிவர். செடி உயிரற்ற பொருளன்று. ஆயினும் உழுவதும் களையெடுப்பதும் அறுப்பதும் இல்லாமல் ஒரு கவளம் உணவும் இல்லை. உடல் தாங்கியவர் எவரும் முற்றிலும் தீங்கிழைக்காமல் வாழ இயலாது. எனவேதான் வேள்வியாகச் செய்யும் செயலைக் கீதை போற்றுகிறது. எடுப்பதைத் தனக்கென்று மட்டும் எடுக்கிறானா, உலகச் சக்கரம் சுழல எடுக்கிறானா என்பதே அங்கு அளவுகோல். ஒற்றைமடியச் செடியை உண்டாக்கும் செயலையும் இவ்வளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

அவசரம் என்ற குறையையும் எண்ணிப் பார்ப்போம். பொறுமை சாதகனின் அணிகலன். ஆனால் யாருடைய பொறுமை? 2018-ல் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் காணப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாட்டின் பல மாநிலங்களுக்கும் அது பரவிவிட்டது. புழு ஓரிரு ஆண்டில் வருகிறது. தாங்கும் ரகமோ பழைய வழியில் பத்தாண்டு கேட்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடன் ஏறுவது உழவர் வீட்டில். பிறர் துன்பத்தின்மேல் நாம் கடைப்பிடிக்கும் பொறுமை தவமாகாது. எனவே விரைவு தன்னளவில் குற்றமில்லை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இம்முறை தூய வரிசையை அடையும் காலத்தைத்தான் சுருக்குகிறது. அவ்வரிசை நல்லதா என்று வயலில், வறட்சியில், நோயில், பல இடங்களில் சோதித்துத் தெளியும் காலம் அப்படியே நிற்கிறது. வழியைச் சுருக்கலாம், விவேகத்தைச் சுருக்க இயலாது.

இன்னும் கூர்மையான கேள்வி, பயன் யாருக்கு என்பது. தூய வரிசைகள் வீரிய ஒட்டு ரகங்களின் பெற்றோராகின்றன. ஒட்டு ரகத்தின் மணியை எடுத்து வைத்து விதைத்தால், மறைந்திருந்தவை பிரிந்து வெளிப்பட்டு விளைச்சல் குன்றும். ஆகவே உழவர் ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டியவராகிறார். பொது நிறுவனம் வரிசைகளை உண்டாக்கிப் பலருடனும் பகிர்வதற்கும், ஒருவரே அவற்றைப் பூட்டி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் அறத்தின் வேறுபாடாகிறது. கருவி ஒன்றே, அதைப் பிடித்திருக்கும் கையும், அக்கை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுமே வேறு.

இதற்கு அதே விஞ்ஞானிகளின் பணியே சான்று. 2011-ல் மோகன் மாரிமுத்து, ரவி, சான் ஆகியோரும் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து, பிடிப்பிடத்தைத் தளர்த்திய அதே மாற்றத்தை நேர்மாறான நோக்கிற்குப் பயன்படுத்தினர். குன்றல் பிரிவு இல்லாமல் தாயின் இரு தொகுதிகளும் கலைந்துபோகாத முட்டையை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதைத் தளர்ந்த பிடிப்புடைய செடியின் மகரந்தத்தோடு சேர்த்தனர். தந்தையின் பங்கு தொலைய, தாயின் கலப்பு அப்படியே விதையாக வந்தது. 2019-ல் வெங்கடேசன் சுந்தரேசனும் இம்தியாஸ் கந்தேயும் வேறு ஜீன்களின் துணையால் நெல்லில் இத்தகைய விதையைக் காட்டினர். வயலுக்கு வருமுன் அது கடக்க வேண்டிய படிகள் பல. நிறைவேறினால், ஒட்டு ரகத்தின் விதையையும் உழவர் தாமே சேமித்து வைக்கலாம். ஒரே திடீர்மாற்றம், 2010-ல் கலப்பை நீக்கித் தூய்மையைத் தந்தது; 2011-ல் கலப்பைக் காத்துத் தந்தது. 'எதற்காக' என்ற வினாவின் விடை கருவியில் இல்லை.

தூய வரிசையின் தர்மம்

இனி இளைஞரின் சொல்லுக்கு வருவோம். தூய்மை கிடைக்கிறது, அது போதாதா? பயிர் மேம்பாட்டாளரைக் கேட்டால் அவர் புன்னகை செய்வார். ஏனெனில் மக்காச்சோளத்தின் தூய வரிசை பெரும்பாலும் மெலிந்த செடி. குட்டையாக, சிறு கதிருடன், நோய்க்கு எளிதில் ஆளாவதாக இருக்கும். 1908-லும் 1909-லும் ஜார்ஜ் ஷல் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார்: தன்னோடு தானே சேர்ந்து தூய்மையாகிக்கொண்டே வரும் மக்காச்சோளம் மெலிகிறது, இரு வேறு தூய வரிசைகளைச் சேர்த்தால் பிறக்கும் செடி இரு பெற்றோரையும் விஞ்சி ஓங்குகிறது. ஆக, தூய வரிசையை உண்டாக்குபவர் எவரும் அதை நிலமெங்கும் விதைப்பதற்காக உண்டாக்குவதில்லை. வேறொன்றோடு சேர்ப்பதற்காகவே உண்டாக்குகிறார்.

ஒற்றைமடியச் செடியின் நிலை இன்னும் தெளிவானது. அதில் மறைவே இல்லை. ஆனால் பெரும்பாலும் அதற்கு விதையும் இல்லை. இணைவதற்கு மற்றொரு தொகுதி இல்லாததால் அதன் மகரந்தமும் முட்டையும் சரிவர உருவாவதில்லை. முழுமையாக வெளிப்பட்டது, ஆயினும் மலடு. இரட்டிப்பாகிய பின்னரே அது விதை தருகிறது. பிறிதொன்றோடு சேர்ந்த பின்னரே வயலை நிறைக்கிறது.

தள்ளப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரக்கணக்கில் உண்டாக்கும் வரிசைகளில் தேர்ந்தெடுக்கப்படுபவை சிலவே. அத்தேர்வு ஒரு நோக்கத்தைப் பொறுத்தது. இறுதித் தீர்ப்பு ஆகாது. ஒடிசாவின் தாள்புட்டியா என்னும் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு ரகம் குறைந்த விளைச்சல் தருவது. அதனிடமிருந்துதான், இரண்டு வார காலம் நீரில் மூழ்கினாலும் பிழைத்தெழும் பண்பு கிடைத்தது. அதற்குரிய ஜீனை 2006-ல் இனங்கண்டனர். அப்பண்பைச் சேர்த்த 'ஸ்வர்ணா சப்1' 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. விளைச்சல் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு அந்நாட்டு நெல்லை அறவே ஒழித்திருந்தால், வெள்ளத்தின் கரையில் நிற்கும் உழவருக்கு இன்று அந்த நெல் இல்லை. தூய்மைக்காகத் தேர்பவர், தாம் தேராததையும் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பயிரின் பாடத்தை அப்படியே மனிதர்மேல் ஏற்றிய விபரீதம் வரலாற்றில் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் பயிர், கால்நடை விருத்தியாளர் சங்கமே 1906-ல் மனித இன மேம்பாட்டிற்கென ஒரு குழு அமைத்தது. 1907-ல் இந்தியானா மாநிலம், தகுதியற்றவர் என்று தான் கருதியவரைக் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் இயற்றியது. பின்னர் ஐரோப்பாவில் அவ்வெண்ணம் எத்தகைய கொடுமையில் முடிந்தது என்பதை உலகம் அறியும். மனிதன் வேறொருவனின் நோக்கத்திற்கான வித்தல்லன். நம் நாட்டிலும் பிறப்பின் தூய்மை என்ற பெயரால் உடன்பிறந்தோரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். வேதாந்தம் கூறும் தூய்மை ஆன்மாவின் இயல்பு. எவ்வுயிரிலும் அது குறைவதில்லை. குறையாத ஒன்றைக் காக்க வேலி எதற்கு?

ஏகாந்தமும் சேர்க்கையும்

எனவே பயிரிலிருந்து நாம் விதியைப் பெறவில்லை. ஓர் உவமையை மட்டும், அதன் எல்லையறிந்து பெறுகிறோம்.

நமது உள்ளத்திலும் ஓங்கு பண்புகளின் நிழலில் ஒடுங்கு பண்புகள் மறைந்திருக்கின்றன. அலுவலகத்தின் ஒழுங்கு நமது சோம்பலை மறைக்கிறது. பலர் புகழும் கொடை நமது பேராசையை மறைக்கிறது. கூட்டத்தின் நடுவே இருக்கையில் நாம் அமைதியானவர் என்று நாமே நம்புகிறோம். ஏகாந்தத்தில் சில நாள் இருந்து பார்த்தவருக்குத் தெரியும், எத்தனை சினமும் ஏக்கமும் மேலெழுந்து வருகின்றன என்பது. மறைக்கும் இணை இல்லாததால் சம்ஸ்காரங்கள் வெளிப்படுகின்றன. 'தனிமைக்கு வந்த பிறகு மனம் கெட்டுவிட்டது' என்று பலர் மருள்வர். கெட்டுவிடவில்லை, இருந்தது தெரிந்தது, அவ்வளவே. தெரிந்தால்தான் களைய முடியும். அவ்வப்போது தனிமையில் சாதனை செய்யுமாறு ஸ்ரீராமகிருஷ்ணர் இல்லறத்தாரையும் வற்புறுத்தியது இதனால்தான்.

ஆனால் அங்கேயே நின்றுவிடுபவர் உளர். தம் ஆசாரம் கெடாமல், பிறர் நிழல் படாமல், ஒருவரோடும் ஒட்டாமல் தம் தூய்மையைக் காத்துக்கொண்டே காலம் கழிப்பர். அவர்களிடம் மாசு இல்லாமல் இருக்கலாம். பிறருக்குப் பயன்படும் கனியும் இல்லை. ஒற்றைமடியச் செடியின் நிலை அது. தனியே உறையவைத்துக் கடைந்த வெண்ணெய் நீரில் கரையாமல் மிதக்கும் என்ற பரமஹம்சரின் உவமையை நாம் அடிக்கடி கூறுகிறோம். வெண்ணெயைக் கடைவது நீரில் விடுவதற்காகவும்தான் என்ற மறுபாதியை மறந்துவிடுகிறோம். தன் விடுதலை, உலக நலன் என்ற இரட்டைக் குறிக்கோளைச் சுவாமி விவேகானந்தர் துறவியர்க்கே வகுத்தளித்தார். அவ்விரண்டையும் அவர் பிரித்து வைக்கவில்லை. முதலாவது உள்ளத்தைத் தூய்மையாக்குகிறது. இரண்டாவது அத்தூய்மை எதற்காக என்று சொல்கிறது.

ஆகவே, பெரியவரின் ஐயத்திற்கு விடை இது: தந்தையின் பங்கு நீங்கிய கருவை உண்டாக்குவது தன்னளவில் பாவமும் அன்று, புண்ணியமும் அன்று. அது பலரின் பசியைத் தீர்க்கவும், பகிரவும், தள்ளப்பட்டதையும் காக்கவும் பயன்படுமாயின் வேள்வி. ஒருவரின் பூட்டிய பெட்டிக்கே பயன்படுமாயின் களவு. இளைஞரின் துணிபிற்கும் விடை இது: தூய்மை நல்லதுதான், ஆனால் அது வழியில் உள்ள ஒரு நிலை. அதை அடைந்தவர் 'இனி யாருக்கு?' என்று கேட்டாக வேண்டும்.

நாம் இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜபமோ நோன்போ மௌனமோ, நாம் மேற்கொண்டுள்ள தூய்மை நெறி எதுவாயினும், அதனால் நம் வீட்டிலும் தெருவிலும் யார் பசியாறினர், யார் ஆறுதல் பெற்றனர் என்று மாதம் ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். விடை கிடைக்காவிட்டால் நோன்பைக் கைவிட வேண்டாம். கதவைத் திறந்தால் போதும். நம் உள்ளத்தை மாசற்றதாக்கி, அதை உலகிற்கு விதையாகவும் ஆக்குமாறு இறைவனை வேண்டுவோம்.